தோப்பு அத்தை பதில்கள்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் மரம் தவிர வேறெதையும் இந்தப் பக்கத்தில் கேட்காதீர்கள் என்று முதல் இதழிலேயே எழுதியிருந்தேன். இந்த மாதமும் ஏழு பேர் வைரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: அண்ணன் மகனுக்குத் துணையாக விளையாட உட்கார்ந்தவள் நான். அவன் வளர்ந்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். நான் இன்னும் கோடாரியைக் கீழே வைக்கவில்லை. விளையாடுவது ஜாவா பதிப்பு (கணினிக்கானது), சர்வைவல் முறை (எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்த்துப் பிழைக்க வேண்டும்). இங்கே வரும் எண்களெல்லாம் அதற்கானவை.

கேள்வி: அத்தை, 20 ஓக் கன்று வரிசையாக நட்டேன். வைரம் தேடி ரொம்ப தூரம் போய், விளையாட்டுக் கணக்கில் நான்கு நாள் கழித்துத் திரும்பினேன். 3 கன்றுதான் மரமாகியிருந்தது. மண் சரியில்லையா? (ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: மண் மேல் பழி போடாதே கண்ணு. புல், வெறும் மண், பாசி எதில் நட்டாலும் ஓக் வளரும். மணலிலும் கல்லிலும் நடவே விடாது. உன் கன்று வளராததற்குக் காரணம் நீ தூரமாகப் போனதுதான்.

இந்த விளையாட்டில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பதில்லை. உன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வட்டம் என்று வைத்துக்கொள். அதற்குள் இருக்கிற பயிரும் கன்றும்தான் வளரும். வட்டத்துக்கு வெளியே போய்விட்ட கன்று, நீ எப்படி விட்டுவிட்டுப் போனாயோ அப்படியே நிற்கும். நான்கு நாள் என்ன, நாற்பது நாள் கழித்து வந்தாலும் அதே கதிதான். உனக்குக் கிடைத்த 3 மரமும் நீ கிளம்பும் முன்பே வளர்ந்திருக்கும், அவசரத்தில் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாய்.

வட்டத்துக்குள் இருந்தால் எவ்வளவு நேரம்? விளையாட்டு ஓயாமல் குலுக்கல் போட்டுச் சில பிளாக்குகளை (இந்த உலகமே கட்டப்பட்டிருக்கிற கனசதுரங்கள்) எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கன்றின் முறை வரச் சராசரியாக 68 விநாடி. முறை வந்ததும் வளர்ந்துவிடாது, ஏழில் ஒரு தடவைதான் ஒரு படி ஏறும். மரமாவதற்கு இரண்டு படி. 68 × 7 × 2 பெருக்கிப் பார், கிட்டத்தட்ட 16 நிமிடம் வரும். சராசரிதான் இது. ஒரு கன்று மூன்று நிமிடத்தில் நிமிரும், பக்கத்துக் கன்று முக்கால் மணி நேரம் முகம் கொடுக்காது.

இன்னொன்று வெளிச்சம். கன்றுக்குக் குறைந்தது 9 வேண்டும். திறந்த வெளியில் பகலில் 15, இரவில் 4. அதனால் இருட்டியதும் கன்று வேலை நிறுத்தம் செய்துவிடும். வரிசைக்கு நடுவே தீப்பந்தம் வைத்தால் (அதன் வெளிச்சம் 14) ராத்திரியும் வளரும். கட்டிலில் படுத்துத் தூங்கினால் வளராதா என்று அடுத்துக் கேட்பாய். தூங்கினால் இரவைத் தாண்டலாம், அவ்வளவுதான். கன்று ஒரு படியும் ஏறாது. விளையாட ஆரம்பித்த புதிதில் நான் கன்று நடுவதும் படுப்பதும் எழுந்து பார்ப்பதுமாக இருந்து, ஏன் இன்னும் வளரவில்லை என்று அண்ணன் மகனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான்: சுரங்கத்தைத் தோப்புக்கு நேர் கீழே தோண்டு. அந்த வட்டக் கணக்கு பக்கவாட்டுத் தூரத்துக்குத்தான், ஆழத்தைப் பார்ப்பதில்லை. நீ −59 மட்டத்தில் வைரம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே தோப்பு வளர்ந்துகொண்டிருக்கும். அந்த ஏழு பேருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று.

கேள்வி: புது உலகம் தொடங்கினால் நடுக்கடலில் குட்டித் தீவு. ஒரே ஒரு ஓக் மரம். வெட்டலாமா, கூடாதா என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். (கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல வேளை, வெட்டும் முன் எழுதினீர்கள் தம்பி. கட்டையில் கை வைக்காதீர்கள், முதலில் இலையில் வையுங்கள்.

ஒவ்வொரு ஓக் இலை பிளாக்குக்கும் 20-இல் 1 வாய்ப்பில் கன்று விழும். சின்ன ஓக்கில் சுமார் 50 இலை இருக்கும், அதனால் இரண்டு மூன்று கன்று எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பது வேறு, கைக்கு வருவது வேறு. 50 இலையும் உதிர்ந்து ஒரு கன்றுகூட விழாமல் போக 100-க்கு 8 வாய்ப்பு இருக்கிறது. எனக்கு ஒருமுறை அது நடந்தது. அந்த உலகத்தையே அழித்துவிட்டேன், கோபத்தில்.

கட்டையை வெட்டினால் இலை தானாகவே உதிருமே, ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். தானாக உதிர்ந்தாலும் அதே 20-இல் 1 தான், வாய்ப்பு குறையாது. குட்டித் தீவில் என்ன ஆகுமென்றால், கன்று தண்ணீரில் விழும், நீங்கள் கவனிக்காவிட்டால் 5 நிமிடத்தில் மறைந்து போகும். கையால் ஒவ்வொன்றாக உடைத்தால் எது எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். உச்சி எட்டாவிட்டால் மண்ணைக் குவித்து ஏறுங்கள். வழியில் ஆப்பிள் விழுந்தால் அதிர்ஷ்டம், அதற்கு 200-இல் 1 தான் வாய்ப்பு.

கன்று கிடைத்ததும் கிராஃப்டிங் டேபிள் (பொருள் செய்யும் மேசை) செய்யப் போகாதீர்கள், நடுங்கள். அது நிலத்தில் நின்ற பிறகுதான் கோடாரிக்கு யோசனை.

ஒன்றுமே விழவில்லையென்றால் மரத்தில் 3 கட்டை போதும். ஒரு கட்டைக்கு 4 பலகை, ஆக 12. கிராஃப்டிங் டேபிளுக்கு 4, படகுக்கு 5. மீதி 3 பலகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கரை தேடிப் புறப்படுங்கள். போகிற வழியில் மூழ்கிய கப்பல் தென்பட்டால் விடாதீர்கள், அது முழுக்க மரம்தான்.

கேள்வி: மரத்தை அடியோடு வெட்டிவிட்டேன், இலை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

பதில்: பக்கத்தில் வேறொரு மரம் நிற்கிறது, சரிதானே? இலை எந்தக் கட்டையோடாவது 6 பிளாக் தொடர்பு வைத்திருந்தால் உதிராது. அது தன் சொந்த மரமாக இருக்க வேண்டும் என்ற ரோஷமெல்லாம் இலைக்குக் கிடையாது. பிர்ச் இலை ஓக் கட்டையைப் பிடித்துக்கொண்டும் காலம் தள்ளும். அந்த மரத்தையும் வெட்டுங்கள், அல்லது மண்வெட்டியால் இலையை உடையுங்கள். மண்வெட்டியா என்று சிரிக்க வேண்டாம், இலைக்கு ஏற்ற கருவி அதுதான். கத்தரியும் வேகமாக வெட்டும், ஆனால் இலையை இலையாகவே கையில் கொடுக்கும், கன்று தராது. நீங்களே கையால் வைத்த இலையாக இருந்தால் அது எப்போதும் உதிராது.

கேள்வி: பெரிய ஸ்ப்ரூஸ் மரங்களை எப்படி வெட்டுவது? கீழே நின்றால் எட்டவில்லை. மண் அடுக்கி ஏறினால் தவறி விழுந்து சாகிறேன். மூன்று முறை செத்தாகிவிட்டது. (இரவுப் பணி ஊழியர்)

பதில்: மரத்துக்கு வெளியே ஏறுவதால்தான் விழுகிறீர்கள். உள்ளே ஏறுங்கள்.

பெரிய ஸ்ப்ரூஸின் தண்டு இரண்டுக்கு இரண்டு, நான்கு தூண் சேர்ந்து நிற்கிற மாதிரி. அதையே சுழல் படிக்கட்டாக்கிவிடலாம். ஒரு மூலைத் தூணின் அடிக் கட்டையை விட்டுவிட்டு, அதற்கு மேலே மூன்று கட்டையை எடுத்துவிட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். அடுத்த மூலையில் ஒரு கட்டை உயரமாகப் படி விட்டு, அதற்கு மேலே மூன்று. பிறகு அடுத்தது. நான்கு மூலையும் சுற்றி வரும்போது நான்கு பிளாக் உயர்ந்திருப்பீர்கள். முதல் மூலையில் அடுத்த படி சரியாக அந்த உயரத்தில் காத்திருக்கும். உடம்புக்கு இரண்டு பிளாக், துள்ளி ஏறத் தலைக்கு மேலே ஒன்று, ஆக மூன்று எடுத்து ஒன்று விட்டால் போதும் என்பது இந்த மரத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிடுகிறது. முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஏறும்போதே முக்கால்வாசி மரம் கைக்கு வந்துவிடும். உச்சியைத் தொட்டதும், படியாக நின்ற கால்வாசியை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே இறங்குங்கள். ஒரு படி உடைத்தால் ஒரு படி இறங்குவீர்கள், விழுவதற்கு இடமே இல்லை. கிளம்பும் முன் கோடாரியைப் பாருங்கள். 20 பிளாக் உயர மரம் என்றாலே 80 கட்டை. கற்கோடாரி 131 அடிதான் தாங்கும், அதாவது இரண்டு ஸ்டாக்குக்கு (ஒரு ஸ்டாக் என்பது 64 கட்டை) மேல் மூன்றே அடி. இரும்பு 250, வைரம் 1561. தங்கக் கோடாரி காற்றாக வெட்டும், 32-ஆவது அடியில் பாதி மரத்தில் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

வீட்டருகே இந்த மரம் வேண்டுமென்றால் நான்கு ஸ்ப்ரூஸ் கன்றைச் சதுரமாக ஒட்டி நடுங்கள். ஒற்றையாக நட்டாலும் வளரும், ஆனால் சாதாரண மரம்தான் வரும். சதுரமாக நட்ட மரம் எழும்போது சுற்றியுள்ள புல்லைப் பழுப்பு நிறப் பாட்சால் மண்ணாக மாற்றிவிடும். அழகான புல்வெளி வைத்திருப்பவர்கள் தள்ளி நடுங்கள். ஜங்கிள் மரத்துக்கும் இதே சதுர முறைதான். ஆனால் அதன் இலையில் கன்று விழ 40-இல் 1 தான் வாய்ப்பு, அதனால் நான்கு சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். டார்க் ஓக் கன்றை ஒற்றையாக நட்டுவிட்டு மாதக்கணக்கில் தண்ணீர் காட்டாத குறையாகக் காத்திருக்கிறேன் என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் இதே பதில்: நான்கு இல்லாமல் அது வளரவே வளராது.

கேள்வி: நிலக்கரி கிடைக்கவில்லை. உலையில் கட்டையையே எரிக்கிறேன். மரம் போதவில்லை.

பதில்: ஐயோ, அப்படியே எரிக்காதீர்கள்! ஒரு கட்டை எரித்தால் ஒன்றரைப் பொருள்தான் வேகும். அதே கட்டையை நான்கு பலகையாக்கி எரித்தாலே ஆறு பொருள். அதைவிட, கட்டையை உலையின் மேல் அறையில் வைத்துச் சுட்டால் கரி வரும், ஒரு கரிக்கு எட்டுப் பொருள் வேகும். முதல் கரிக்கு மட்டும் பலகை போடுங்கள். பிறகு ஒரு கரியை எரித்து எட்டுக் கட்டையைச் சுட்டால் எட்டுக் கரி. ஒரு கரி, ஒரு குச்சி சேர்த்தால் நான்கு தீப்பந்தம். மேலே அந்தச் சிறுமிக்குச் சொன்ன தீப்பந்தமெல்லாம் இப்படி வந்ததுதான், என்னிடம் நிலக்கரி எப்போதும் இருந்ததில்லை.

கேள்வி: வீட்டுக்குள் அழகுக்காக பிர்ச் கன்று நட்டு, சீக்கிரம் வளர 30 எலும்புத்தூள் உரம் போட்டேன். பச்சைப் பொறி பறக்கிறது, மரம் வரவில்லை.

பதில்: கூரை எவ்வளவு உயரம்? எழுதாமல் விட்டதிலிருந்தே தெரிகிறது. பிர்ச்சின் தண்டு மட்டும் 5 முதல் 7 பிளாக் வரும், மேலே இலை வேறு. தலை நிமிர இடமில்லாத கன்று தூளை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். திருப்பியும் தராது. இடம் இருந்தால், ஒரு தூளுக்கு ஒரு படி ஏற 45 சதவீத வாய்ப்பு, எனவே சராசரியாக நான்கு ஐந்து தூளில் மரமாகியிருக்கும். பத்துத் தூளுக்கு மேல் போனால் மேலே அண்ணாந்து பாருங்கள். ஓர் எலும்புக்கு மூன்று தூள்தான் என்பதால், 30 தூளுக்கு நீங்கள் பத்து எலும்பு திரட்டியிருப்பீர்கள். ராத்திரியில் எலும்புக்கூடுகளோடு சண்டை போட்டு வாங்கியதை இப்படிக் கூரைக்கு வார்த்துவிட்டீர்களே.

மிச்சமான கன்றுகளைக் கம்போஸ்டரில் (இலைதழையை உரமாக்கும் தொட்டி) போட்டால் தூள் கிடைக்கும். ஒரு கன்றுக்கு 30 சதவீத வாய்ப்பில் ஒரு படி நிரம்பும், ஏழு படி நிரம்பினால் ஒரு தூள். நானே பெட்டி பெட்டியாகக் கன்று வழியும்போதுதான் இதைச் செய்கிறேன்.

கேள்வி: பேரன் உலகத்தில் வெளுத்த மரங்கள் நிற்கும் ஒரு காடு வந்தது. பறவைச் சத்தம்கூட இல்லாத மாதிரி இருந்தது. இருட்டியதும் மரக்கட்டையில் செய்த ஏதோ ஒன்று என்னைத் துரத்தியது. அடித்தால் சாகவில்லை. அந்த வெள்ளை மரம் வேண்டும், என்ன செய்ய? (ஒரு தாத்தா)

பதில்: வணக்கம் ஐயா. அது பேல் கார்டன், 2024 டிசம்பரில் விளையாட்டுக்குள் வந்தது. துரத்தியதன் பெயர் கிரீக்கிங். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது, முகத்தைத் திருப்பினால் வரும். அடித்தால் சாகாது, ஏனென்றால் அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் கதை பேரனுக்குச் சொல்லியிருப்பீர்களே, அதே கதைதான். அங்கே கிளி, இங்கே ஒரு மரத்தின் கட்டைகளுக்கு நடுவே பதிந்த கிரீக்கிங் இதயம். அடிக்கும்போது அதிலிருந்து ஒரு பொறித் தடம் இதயத்தை நோக்கி ஓடும், பின்தொடர்ந்து போய் உடைத்தால் கதை முடிந்தது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது மரம்தானே? பகலில் போங்கள், அது இருக்காது. இலையை உடைத்து நான்கு கன்று சேர்ந்ததும் திரும்பிவிடுங்கள். வீட்டருகே சதுரமாக நடுங்கள். கன்றிலிருந்து வளரும் மரத்துக்குள் இதயம் வராது, ராத்திரி நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: செர்ரி மரம் தேடி இரண்டு நாளாக நடக்கிறேன். பாலைவனமும் மஞ்சள் புல்லுமாகவே வருகிறது.

பதில்: அந்தத் திசையில் இன்னும் நடந்தால் அகேசியாதான் கிடைக்கும், செர்ரி கிடைக்காது. விளையாட்டு வெப்ப தட்பத்தைப் பார்த்துத்தான் நிலத்தைப் பிரிக்கிறது, சூட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் சூடுதான் இருக்கும். செர்ரித் தோப்பு மலைச் சரிவில் வரும். மலை தெரிகிற பக்கம் திரும்புங்கள், தூரத்திலேயே இளஞ்சிவப்பு கண்ணில் படும்.

நடக்கப் பிடிக்காவிட்டால் நாடோடி வியாபாரி வரும்வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் செர்ரி வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. வைத்திருந்தால் ஒரு கன்று 5 மரகதம் (இங்கே அதுதான் காசு). கிராமத்து அம்பு செய்பவர் 32 குச்சிக்கு ஒரு மரகதம் தருவார். ஆக 160 குச்சி, அதாவது 80 பலகை, அதாவது 20 கட்டை. என் முதல் செர்ரி அப்படித்தான் வந்தது. நான்கு பிர்ச் மரத்தை வெட்டி ஒரு விரல் உயரக் கன்று வாங்குகிறாயே என்று அண்ணன் மகன் கேலி செய்தான்.

கேள்வி: தீ வைத்தால் காடு சீக்கிரம் காலியாகுமா?

பதில்: காலியாகும். எரிந்த கட்டையிலிருந்து ஒன்றும் விழாது, கன்றும் விழாது. நெருப்புக்கு எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. நாலைந்து தொங்கும் இலையை ஒழிக்கச் சக்கிமுக்கியை ஒருமுறை தட்டினேன். என் பலகை வீடு, பின்பக்கத்து பிர்ச் வரிசை எல்லாம் போனபிறகுதான் மழை வந்தது. இப்போதைய வீடு நெதர் என்ற நரக உலகத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புத் தண்டில் கட்டியது, அது தீப்பிடிக்காது. உலையிலும் எரியாது என்பது அதன் ஒரே குறை.

கேள்வி: இதுவரை எத்தனை மரம் வெட்டியிருப்பீர்கள் அத்தை?

பதில்: விளையாட்டே கணக்கு வைத்திருக்கிறது, புள்ளிவிவரத் திரையில் கட்டை வாரியாக வரும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் திறந்து பார்த்தேன். பிர்ச்சும் ஸ்ப்ரூஸும் ஐந்து இலக்கம், ஓக் நான்கு. செர்ரி 1. வாசலில் நிற்கிற மரத்தின் பின்னால் கிரீப்பர் (பக்கத்தில் வந்து வெடிக்கும் பிராணி) ஒன்று பதுங்கி வந்தது. பதற்றத்தில் அதன் மேல் படவேண்டிய கோடாரி கட்டையில் பட்டுவிட்டது. எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன். திரையில் அந்த 1 மட்டும் போகவில்லை.